செவிலியர் சங்கமும் செவிசாய்த்த அரசும்

நோயாளிக்குத் தொண்டு செய்யும் கைகளிலும் நிறம் பார்த்த நாடு அமெரிக்கா. முறையான பயிற்சி பெற்ற கறுப்பினச் செவிலியருக்கும் அங்குப் பல மருத்துவமனைகளில் வேலையில்லை. பல மாநிலச் செவிலியர் சங்கங்களில் இடமுமில்லை. ஆகவே 1908ஆம் ஆண்டில், மார்த்தா பிராங்க்ளின் அம்மையாரின் அழைப்பை ஏற்று, 52 செவிலியர் நியூயார்க்கில் கூடித் தமக்கெனத் தேசியச் சங்கம் கண்டனர்.

1934 முதல் அதன் நிர்வாகச் செயலாளராகத் தொண்டாற்றியவர் மேபல் ஸ்டாப்பர்ஸ் அம்மையார். 1941இல் தரைப்படை 56 கறுப்பினச் செவிலியருக்கு மட்டுமே இடமளித்தது. அம்மையார் ஓயாது வாதாடினார். 1944 நவம்பரில் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டை நேரில் கண்டு முறையிட்டார்.

1945 சனவரியில், செவிலியர் போதாமையால் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் வேண்டுமென்றார் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட். தாமே முன்வந்து நிற்போரை ஒதுக்கிவிட்டுப் பிறரைக் கட்டாயப்படுத்துவது முறையா என்று அம்மையார் வினவினார். கண்டனத் தந்திகள் குவிந்தன. அம்மாதமே தரைப்படையும் கடற்படையும் நிறத்தடையை நீக்கின. 1948இல் அமெரிக்கச் செவிலியர் சங்கமும் கதவைத் திறந்தது. நோக்கம் ஈடேறியதால் 1951இல் கறுப்பினச் செவிலியர் சங்கம் கலைக்கப்பட்டது.

இளைஞர்களே! கல்வி அப்பெண்மணிகளுக்குத் தகுதியைத் தந்தது. அத்தகுதியை அரசு மதிக்கச் செய்தது சங்கம். நம் பெண்மக்கள் செவிலியராகவும் மருத்துவராகவும் உயர்வதோடு, முடிவெடுக்கும் அவைகளிலும் அமர்ந்து பேசுதல் வேண்டும்.