ஊசிக்கு முன் பாய்

உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் 1907ஆம் ஆண்டு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மந்தபுத்தியினர் என்று அக்காலத்தார் சற்றும் கூசாமல் ஒதுக்கிவைத்த சிறாரிடையே பணியாற்றிய வைத்தியர் மரியா மாண்டிசோரி அம்மையார், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் கற்பிக்க முயன்று தோற்றார். ஊசியைத் துணியின் மேலும் கீழுமாக ஓட்டும் முதற்படியே அவளுக்கு வசப்படவில்லை. அம்மையார் ஊசியை அகற்றிவிட்டு, கல்வியாளர் ஃபுரோபெல் வகுத்த பாய்முடைதலில், அதாவது காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோக்கும் வேலையில், அவளை ஈடுபடுத்தினார். அதில் கை பழகியபின் தையலும் கைவந்தது. பிரம்பைவிட எவ்வளவு விவேகமான உபாயம்!

எழுத்துக்கும் அதே மார்க்கந்தான்: உப்புத்தாள் எழுத்துக்களை விரலால் தடவுதலும், உலோகச் சட்டத்தின் உருவங்களை வரைந்து வண்ணப் பென்சிலால் நிரப்புதலும் எழுதும் காரியத்துக்கு முன்னரே விரல்களைப் பக்குவப்படுத்தின. 1939இல் அவர் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றியபோது, மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளி மரபினருக்கு அம்முறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.