எம் கே செமி கே எச்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க மக்களே.

2010 வாக்குல, பாப்பிரெட்டிப்பட்டியில நான் எட்டாவது படிச்சப்போ, வகுப்புல ஒரு அறிவியல் பாட சிடி போட்டுக் காட்டினாங்க. திரையில இதயம் துடிக்கும். ஓரத்துல இருக்கற பாகங்களோட பேரை மவுஸால இழுத்துக் கொண்டுபோய் சரியான இடத்துல விடணும். சரின்னா 'டிங்', தப்புன்னா 'டொய்ங்'. கிளாஸே கத்தித் தீர்க்கும்.

என் பெஞ்சுல ஒரு நண்பன், பிறவியிலேயே பார்வை கிடையாது. பாடத்தை நான் வாசிச்சா கேட்டு மனசுல ஏத்திக்குவான். எட்டு பாகத்தையும் வரிசையா ஒப்பிப்பான். அன்னிக்கு சிடி முடிஞ்சதும் மெதுவா சொன்னான், "மூணு டிங், அஞ்சு டொய்ங். சரியா?". சரிதான். பாடம் தெரிஞ்சவன் அவன்தான், ஆனா அந்த சிடி கணக்குல அவனுக்கு மார்க் பூஜ்யம்.

நிற்க. இது அந்த சிடியோட மட்டும் பிரச்சினை இல்லைன்னு புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

பார்வையற்றோருக்கான பள்ளி நம்ம ஊர்ல புதுசு இல்லை. பாளையங்கோட்டையில ஆஸ்க்வித் அம்மையார் 1890-லேயே ஆரம்பிச்சுட்டாங்க. 1951-ல் பாரதி பிரெய்ல் வந்து இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான புள்ளிகள் கிடைச்சுது. தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் ஒரே புள்ளிகள்தான், 1-ம் 3-ம். அதாவது பிரெய்ல் எழுத்தோட உருவத்தைப் பார்க்கலை, அது எந்த எழுத்துன்னு மட்டும் பார்த்துச்சு. கம்ப்யூட்டர் வந்தப்போ நாம இதுக்கு நேர் எதிரா பண்ணினோம்.

பாமினி ஃபாண்ட் ஞாபகம் இருக்கா? அதுல 'அம்மா'ன்னு திரையில தெரியும். உள்ளே ஃபைல்ல இருக்கறது ஆங்கில எழுத்துகள்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எம்-முக்கு 'அ' படத்தை மாட்டி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். கண்ணுக்கு அது தமிழ், மெஷினுக்கு வெறும் உளறல். 1999 சென்னை தமிழிணைய மாநாட்டுக்கு அப்புறம் வந்த டாம், டாப் குறியீடுகளாலும் இந்த மேட்டர்ல பெருசா மாற்றம் இல்லை. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்துச்சு. ஆனா தமிழ்நாடு அரசு அதை ஏத்துக்கிட்டது 2010 ஜூனில். பொங்குதமிழ் மாற்றியில பழைய பதிவுகளைப் போட்டு மாத்திட்டு உட்கார்ந்திருந்த சீனியர் பதிவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனா அந்த யூனிகோடு சண்டையில யாரோட காது ஜெயிச்சுதுன்னு நாம அதிகம் பேசினதில்லை.

இந்தப் பக்கம், 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன்னு ஒருத்தர் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை எழுத ஆரம்பிச்சார். அவருக்கும் பார்வை கிடையாது. ஜாஸ் மாதிரி மென்பொருளோட விலை கட்டுப்படியாகாதவங்களுக்கு இலவசமாவே கொடுத்தார். அதோட வந்த ஈஸ்பீக் தமிழும் பேசும், தூக்கத்துல எழுப்பிவிட்ட ரோபோ மாதிரி :-)

பிளஸ் டூவில் எங்களுக்கு அரசோட இலவச லேப்டாப் கிடைச்சுது. பொம்மிடி போய் பென் டிரைவ்ல என்விடிஏவைக் கொண்டுவந்து நண்பனோடதுல போட்டேன். ஒரு தமிழ் விக்கிப்பீடியா பக்கத்தை அது வாசிச்சப்போ அவன் முகத்தைப் பார்த்திருக்கணும். அடுத்து யாரோ டைப் பண்ணின ஒரு தமிழ் கைடைத் திறந்தான். எழுத்து எழுத்தா அம்புக்குறியை அழுத்தினான். "எம். கே. செமி. கே. எச்."

"என்னடா, இது பேயோட்டுது?"ன்னு கேட்டான். சிரிச்சோம். அப்புறம் ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசலை.

சரி, இதய சிடிக்கு வருவோம். அந்த மாதிரி பாடங்கள் பெரும்பாலும் ஃப்ளாஷ்ல செஞ்சது. 2002-ல் வந்த ஃப்ளாஷ் பிளேயர் 6-லேயே ஸ்கிரீன் ரீடருக்குக் கதவு திறந்தாச்சு. ஆனா செய்யறவங்க ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் வைக்கணும், மவுஸ் இல்லாம கீபோர்டிலேயே எல்லாம் நடக்கற மாதிரி எழுதணும். செய்யலைன்னா யாரும் கேட்கப் போறதில்லை, அதனால பெரும்பாலும் யாரும் செய்யலை. ரொம்ப நல்லவன் மாதிரி பேசறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் ஒரு பயிற்சிப் பக்கத்துல இழுத்துப் போடற விளையாட்டு வெச்சேன், கீபோர்டை நினைச்சுக்கூடப் பார்க்கலை. டபிள்யூசிஏஜி விதிகள் 2008-லேயே கீபோர்டைக் கட்டாயமாக்கியிருந்துச்சு. இழுத்துப் போடறதுக்கு மாற்று வழி வேணும்னு தனி விதியே 2023-ல் 2.2 பதிப்புல வந்துச்சு. ஃப்ளாஷ் அதுக்குள்ள 2020 டிசம்பரோட செத்துப் போச்சு.

சட்டத்துலயும் வழி வந்துச்சு. 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்கு அப்புறம், மாற்றுத்திறனாளிகள் படிக்கற வடிவத்துக்குப் புத்தகத்தை மாத்த பதிப்பாளர் அனுமதி தேவையில்லை. 2013 மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் முதல் நாடா உறுதி செஞ்சது இந்தியா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல பேராசிரியர் ஏ.ஜி.ராமகிருஷ்ணன் குழு தமிழுக்கு எழுத்துணரி செஞ்சாங்க. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி எழுத்தாக்கி, வொர்த் டிரஸ்ட் அதை பிரெய்லாக்குச்சு. பெர்கின்ஸ் பிரெய்ல் டைப்ரைட்டரைக் காட்பாடியில செய்யறவங்களும் இவங்கதான். படமாக் கிடந்த எழுத்தைத் திரும்ப எழுத்தாக்கற வேலை. எனக்கு இந்த மொத்த வரலாற்றுலயும் ரொம்பப் பிடிச்சது இதுதான்.

2018-ல் நம்ம பாடநூல்ல க்யூஆர் கோடு வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா அந்தக் கட்டம் பக்கத்துல எங்க இருக்குன்னு தடவிப் பார்த்தா தெரியாது. ஸ்கேன் பண்ணி வீடியோ வந்தாலும், "இதோ, இந்தக் கோடு இங்கிருந்து இப்படிப் போகுது"ன்னு ஒருத்தர் விளக்கினா, எந்தக் கோடு சாமி? காது கேளாதவங்களுக்கு அதே வீடியோ ஊமைப் படம், கீழே எழுத்து ஓடினாத்தான் உண்டு. இந்திய சைகை மொழிக்குன்னு பிஎம் இ-வித்யா தனிச் சேனலே 2024 டிசம்பரில்தான் வந்துச்சு.

நண்பன் இப்போ குரூப் தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் போன் பண்ணி, "மச்சி, ஒரு பிடிஎஃப் பேசமாட்டேங்குது"ன்னான். திறந்தா ஸ்கேன் பண்ணின படம். எழுத்துணரியில போட்டு, பிழை திருத்தி அனுப்பினேன். ஒரு பக்கத்துல மட்டும் ஆறுகளோட வரைபடம். அதை எந்த எழுத்துணரியும் வாசிக்காது, நானேதான் வார்த்தையில எழுதணும்.

"நம்ம வாணியாறு அதுல இருக்காடா?"ன்னு கேட்டான்.

இருந்துச்சு, பேர் போடாத ஒரு மெல்லிசுக் கோடா. ஏற்காடு மலையில கிளம்பி, நம்ம ஊர்ப் பக்கமா இறங்கி, தென்பெண்ணையில சேருதுன்னு டைப் பண்ணி அனுப்பிட்டு, அடுத்த ஆத்துக்குப் போனேன்.