ஜமாவும் கம்பெனியும்

போன கமிட்டிக் கூட்டத்தில் ஆண்டு விழாவுக்குத் தெருக்கூத்து வைக்கலாம் என்று பேச்சு வந்தது. செலவுப் படிவத்தில் ‘கம்பெனி பெயர்’ என்று ஒரு கட்டம். கூத்துக்காரர்களுக்குக் கம்பெனி கிடையாது, ஜமாதான் என்றேன். “ஜமான்னா என்ன சார்?” என்றார் இளைய உறுப்பினர் ஒருவர். மூங்கில்துறைப்பட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா என்று முதலில் தோன்றியது. அவரையும் சொல்லிக் குற்றமில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் நம் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர்கூடத் தேற மாட்டோம்.

ஜமா அரபியிலிருந்து வந்த சொல். சேர்வது, சேர்ப்பது என்று பொருள். தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் இருப்பதும் இதுதான். வங்கிச் சலானில் இந்தியில் ‘ஜமா’ என்று அச்சிட்டிருக்கும். அங்கே அது வரவு. வருடக்கணக்கில் அந்தச் சலானில் முத்திரை குத்திய எனக்கு, இரண்டும் ஒரே சொல் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது. கணக்கில் பணம் சேர்ந்தால் ஜமா. கூத்தில் வேஷக்காரர்கள், மத்தளம், முகவீணை, ஹார்மோனியம் எல்லாம் சேர்ந்தால் ஜமா. அதை நடத்துபவர் வாத்தியார்.

கம்பெனி வேறு கதை. பி.காம். படித்த எனக்குக் கம்பெனி என்றால் பங்குதாரர், பேலன்ஸ் ஷீட். பழைய நாடகக்காரர்களுக்கு அது வீடு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர்., அண்ணன் சக்ரபாணியோடு சிறுவனாகச் சேர்ந்தார். சாப்பாடு, தூக்கம், பாடம், அடி எல்லாம் அங்கேதான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் போய்விடும். பிழைப்புக்கு உதவியது கூடச் சாப்பிட்டவர்களின் பழக்கம்தான். அங்கே நாடகம் கற்றுக்கொடுத்த எம்.கந்தசாமி முதலியார் ‘சதி லீலாவதி’ (1936) படத்தில் பங்கெடுத்தார். அவர் மகன் எம்.கே.ராதா கதாநாயகன், எம்.ஜி.ஆருக்குச் சின்ன போலீஸ் வேஷம். இப்போது ‘நெட்வொர்க்’ என்கிறார்களே, அது இதுதான். பின்னாளில் ரசிகர்கள் எம்.ஜி.ஆரையே வாத்தியார் என்றார்கள்.

சபா என்ற சொல்லும் இடம் மாறியிருக்கிறது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபா, வேறு வேலையில் இருந்துகொண்டு ஆசைக்கு நடித்தவர்களின் கூட்டம். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபாவோ நடிப்பே தொழிலான சிறுவர்களின் குழு. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பழகியவர்கள். இன்று சபா என்றால் டிசம்பர் கச்சேரி, கேன்டீன் போண்டா.

கொல்லன் பட்டறையும் அப்படித்தான். 1977இல் ந.முத்துசாமி தம் குழுவுக்குக் கூத்துப்பட்டறை என்று பெயர் வைத்தார். அங்கே கணக்கு எழுதப் போன பி.காம். பட்டதாரி ஒருவர் ஓரமாக நின்று நடிப்பைக் கவனித்தார். அவர்தான் விஜய் சேதுபதி. நானும் அதே படிப்புத்தான். கணக்கு மட்டும்தான் எழுதினேன்.

படிவத்தில் கம்பெனியை அடித்துவிட்டு ‘ஜமா வாத்தியார் பெயர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொருளாளர் ஜிஎஸ்டி எண் கேட்கிறார். ஜமாவுக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணத்தைக் கையில் கொடுப்பதுதான் வழக்கம். இந்த மாதம் தேதி சொல்லாவிட்டால், பாரதக்கூத்துக்கு வேறு ஊர்க்காரர்கள் முந்திக்கொள்வார்கள்.