எள்ளலின் இலக்கு எது? அழகிப் போட்டி மேடையில் ஒரு தடுமாற்றமும் அதன் 17 ஆண்டுகளும்

2000 நவம்பர் 30 அன்று இலண்டன் மில்லேனியம் டோமில் உலக அழகிப் போட்டி நடந்தது. இன்று வாழும் பெண்களில் மிகுந்த வெற்றி பெற்றவராக யாரைக் கருதுகிறீர்கள் என்று இறுதிச் சுற்றில் பிரியங்கா சோப்ராவிடம் கேட்டார்கள். அவர் அன்னை தெரசாவைச் சொன்னார். அன்னை தெரசா 1997 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். விடை கேள்விக்குப் பொருந்தவில்லை. ஆனால் பேச்சு எங்கும் அறுபடவில்லை, தயக்கமும் தெரியவில்லை. அன்று மகுடம் அவருக்கே சூட்டப்பட்டது. அந்தப் பிழையை நினைவுபடுத்துகிறவர்கள் இன்றும் உண்டு. ஆயினும் அவர் யார் என்று கேட்டால் அதை முதலில் சொல்பவர் எவரும் இல்லை.

2007 ஆகஸ்ட் 24 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் மிஸ் டீன் யுஎஸ்ஏ போட்டியின் இறுதிச் சுற்று. தென் கரோலினா மாநிலத்தின் சார்பில் நின்ற கெய்ட்லின் அப்டனுக்கு அப்போது வயது 18. அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவரால் உலக வரைபடத்தில் அமெரிக்காவைக் காட்ட முடியவில்லை என்று அண்மைக் கருத்துக்கணிப்புகள் கூறுகின்றன, இது ஏன் என்று நினைக்கிறீர்கள் என்று நடிகை எய்மி டீகார்டன் கேட்டார். அப்டனின் விடை, சிலரிடம் வரைபடம் இல்லை என்று தொடங்கியது. அங்கிருந்து கல்விக்குப் போய், தென்னாப்பிரிக்கா, ஈராக், ஆசிய நாடுகள் என்று தாவி, நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கட்டியெழுப்ப வேண்டும் என்று முடிந்தது. சொற்கள் வந்துகொண்டே இருந்தன, வாக்கியம்தான் உருவாகவில்லை. போட்டியில் அவருக்கு நான்காம் இடம் கிடைத்தது. முதலிடம் பெற்றவரின் பெயர் இன்று போட்டி வரலாற்றைத் தேடுபவர்களுக்கு மட்டுமே தெரியும். நான்காமவரின் அந்த அரை நிமிடமோ உலகம் முழுவதும் பரவியது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. அழகிப் போட்டி விடைகளை எள்ளுபவர்கள் தாம் அறிவின் பக்கம் நிற்பதாகவே எண்ணுகிறார்கள். அப்படியானால் இறந்தவரை வாழ்பவராகச் சொன்ன விடைதான் கூடுதலாக எள்ளப்பட்டிருக்க வேண்டும். அதில் சரிபார்க்கத்தக்க பிழை இருந்தது. அப்டன் சொன்னதில் சரி, தவறு என்று தீர்ப்பதற்குரிய கூற்றே அனேகமாக இல்லை. எனவே இங்கே தண்டிக்கப்படுவது அறியாமை அன்று, பேச்சின் ஒழுக்கு உடைந்துபோவதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். அறியாமையை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இந்தச் சிரிப்பு, உண்மையில் பல அறியாமைகளை மறைத்துக் காக்கவும் செய்கிறது.

முதலில் மறைந்துபோனது கேள்விக்குள் இருந்த பிழை. நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனமும் ரோப்பர் நிறுவனமும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம் நாட்டை வரைபடத்தில் காட்ட இயலாத இளம் அமெரிக்கர்கள் சுமார் 11 விழுக்காட்டினர். 2006இல் வெளியான அடுத்த ஆய்வில் 18 முதல் 24 வயது வரையிலானவர்களில் 94 விழுக்காட்டினர் தம் நாட்டைச் சரியாகக் காட்டினார்கள். பெரிதும் பேசப்பட்ட இந்த இரண்டு ஆய்வுகளிலும் ‘ஐந்தில் ஒருவர்’ இல்லை. 2006ஆம் ஆண்டு ஆய்வு கவலைப்பட வேண்டிய வேறொன்றைக் காட்டியிருந்தது. ஈராக் போர் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வயதினரில் 63 விழுக்காட்டினரால் ஈராக் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியவில்லை. தம் நாட்டுப் படை சண்டையிடும் நிலம் எது என்று தெரியாத ஒரு தலைமுறையைப் பற்றிய கேள்வி அது. மேடையில் அது கேட்கப்படவில்லை. கேள்வித்தாளை எழுதியவர்கள் பெரிதாக்கிய ஒரு விகிதத்தைப் புள்ளிவிவரமாக வைத்தார்கள். பல்லாயிரம் பேர் சிரித்தார்கள். அந்த எண் சரிதானா என்ற கேள்வி சிரிப்பில் அடிபட்டுப் போனது.

சில நாட்கள் கழித்து என்பிசியின் ‘டுடே’ நிகழ்ச்சியில் அப்டனுக்கு இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். மேடையில் பதற்றத்தில் கேள்வியின் ஓரிரு சொற்களே தன் காதில் விழுந்தன என்றார். பிறகு அமைதியாக விடை சொன்னார்: தனக்கும் தன் நண்பர்களுக்கும் நாடு எங்கே இருக்கிறது என்று தெரியும், தெரியாதவர் எவரையும் தான் அறியவில்லை, அந்தப் புள்ளிவிவரம் சரியென்றால் பள்ளியில் புவியியலுக்குக் கூடுதல் முக்கியத்துவம் தர வேண்டும். ‘சரியென்றால்’ என்ற அந்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். கேள்வியின் அடிப்படையை ஐயுற வேண்டும் என்று பட்டது அந்தப் பெண்ணுக்குத்தான். ஆனால் இந்த விடையை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அரை நிமிடத்தில் ஒரு சமூகச் சிக்கலுக்குக் காரணம் சொல்லச் சொல்வது அறிவைச் சோதிக்கும் முறை அன்று. ஆய்வாளர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் எந்த ஆய்வு, யாரிடம் எடுத்தது என்று அவர் முதலில் கேட்பார். போட்டி மேடையில் அப்படித் திருப்பிக் கேட்கும் போட்டியாளர் தோற்றுவிடுவார். அங்கே வேண்டப்படுவது அறிவின் தோற்றம். அதற்காகவே பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், மாதிரிக் கேள்விகள் இருக்கின்றன, எந்தக் கேள்விக்கும் பொருந்தும்படி கல்வி, பிள்ளைகள், எதிர்காலம், உலக நாடுகளுக்கு உதவி என்ற பொருள்களுக்குத் திரும்பும் பழக்கமும் இருக்கிறது. அப்டனின் விடையை எழுத்தில் படித்தால் இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகின்றன. அவற்றை இணைக்கும் கயிறுதான் அறுந்திருக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறுகிறது. பேதைமையும் மடனும் ஒன்றே போலத் தோன்றினாலும் உரையாசிரியர்கள் அவற்றைப் பிரித்தே பொருள் காண்கிறார்கள். பேதைமை அறிவின்மை. மடன், பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல். உளவியலும் சமூகவியலும் பிறக்கும் முன்பே செய்யப்பட்ட இந்த வேறுபாடு பாசடீனாவில் நடந்ததை மிகத் துல்லியமாக விளக்குகிறது என்பது என் கருத்து. உலகம் பேதைமையைக் கண்டதாக நினைத்துச் சிரித்தது. அங்கே வெளிப்பட்டது மடன்: கற்றுக்கொடுக்கப்பட்ட வாய்பாடுகள் நெருக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கற்பித்த அமைப்பு திரைக்குப் பின்னால் நின்றுவிட்டது. அந்த உரையாசிரியர்களில் ஒருவரான பேராசிரியர் எள்ளலையும் இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தானே சிரிப்பது மற்றொன்று. தொலைக்காட்சியில் அப்டன் சிரித்த முகத்துடன் அமர்ந்திருந்ததைக் கண்டவர்கள் அவருக்கு வலிக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். அது அந்த இரண்டாம் வகைச் சிரிப்பு. அதற்கு மகிழ்ச்சி என்று பொருள் கொள்ள இடமில்லை.

மேடையில் பேச்சு உடையும் தருணம் முன்பும் இருந்தது. பரவும் வழி அப்போதுதான் வந்தது. யூடியூப் 2005இல் தொடங்கியது. 2006இல் கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. அரங்கில் பார்த்தவர்களின் நினைவோடு மங்கிப்போயிருக்கக்கூடிய அரை நிமிடம், மீண்டும் மீண்டும் போட்டுக் காட்டக்கூடிய பொருளாக மாறியது. 2007ஆம் ஆண்டின் நினைவில் நின்ற மேற்கோள்களைத் தொகுத்த யேல் மேற்கோள் நூலின் பதிப்பாசிரியர் ஃப்ரெட் ஷாபிரோ, அப்டனின் விடைக்கு இரண்டாம் இடம் கொடுத்தார். ஈரானிய அதிபர் அகமதிநெஜாத்தின் கூற்று அதற்கு அடுத்த இடத்தில் இருந்தது. ஒரு நாட்டின் அதிபர் பொறுப்பில் இருந்து சொன்னதும் ஒரு பதின்வயதுப் பெண் பதற்றத்தில் உளறியதும் ஒரே பட்டியலில் வந்து நின்றன.

சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கெல் 1956இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒருவரைத் தாழ்த்தும் சடங்கு எப்போது வெற்றி பெறும் என்று ஆராய்ந்தார். செய்த செயலைக் கண்டிப்பது போதாது. இவர் தொடக்கத்திலிருந்தே இப்படிப்பட்டவர்தான் என்று அவரது முழு அடையாளத்தையும் மாற்றி எழுத வேண்டும் என்பது அவர் கண்டது. பொன்னிறக் கூந்தல், தென் மாநிலப் பேச்சு, அழகிப் போட்டி என்ற மூன்றும் அமெரிக்கக் கற்பனையில் ஏற்கெனவே ‘மூளையில்லாத அழகி’ என்ற அச்சைச் செய்து வைத்திருந்தன. அப்டனின் பேச்சு உடைந்ததும் அந்த அச்சு அவர்மேல் அப்படியே பதிந்தது. பெண்ணின் உடலை நீச்சலுடையில் நிறுத்தி மதிப்பெண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட, இந்தச் சிரிப்பின் வழியாகத் தம்மை அந்த மேடையிலிருந்து விலக்கிக்கொண்டு அறிவின் பக்கம் போய் நின்றார்கள். பார்வையாளருக்கு எளிதாகக் கிடைத்த பாவமன்னிப்பு அது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. பொது மேடைக்குத் தானே விரும்பி வந்தவர் பொதுச் சிரிப்பையும் ஏற்கத்தானே வேண்டும்? பகடி இல்லாத பொதுவாழ்க்கை அதிகாரத்துக்கே வசதி. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகடியின் நியாயம், எள்ளப்படுபவரிடம் இருக்கும் அதிகாரத்திலிருந்து வருகிறது. 2011 நவம்பர் 9 அன்று மிச்சிகனில் நடந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தில், தான் ஒழிக்கப்போகும் மூன்று அமைச்சகங்களில் மூன்றாவதன் பெயர் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரிக்கு நினைவுக்கு வரவில்லை. நாடே சிரித்தது, சிரித்தது சரியும்கூட. ஓர் அமைச்சகத்தை மூடத் துணிந்தவர் அதன் பெயரையாவது அறிந்திருக்க வேண்டும். மறந்துபோனது எரிசக்தித் துறை. 2017இல் அதே துறைக்கு அவர் அமைச்சரானார். பத்தாண்டுக்கு மேல் ஒரு மாநிலத்தை ஆண்டவருக்கு அந்தத் தடுமாற்றம் கடந்துபோகக்கூடிய நிகழ்வாகவே இருந்தது. அப்டனின் தடுமாற்றத்தால் எவருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. அவர் எந்தக் கொள்கையையும் வகுக்கவில்லை. ஆனாலும் அது அவரை விடவில்லை.

வேறு நாடுகளிலும் இதே போக்கைக் காணலாம், நிறம்தான் மாறுகிறது. பனாமாவில் 2009இல் கன்ஃபூசியஸின் கூற்று ஒன்றை விளக்கச் சொன்னபோது, குழப்பத்தைக் கண்டுபிடித்தவர்களில் அவர் ஒருவர் என்று ஒரு போட்டியாளர் சொல்லிவிட்டார். ஸ்பானிய மொழி உலகம் முழுவதும் அது பரவியது. பிலிப்பைன்ஸில் 2008 பினிபினிங் பிலிபினாஸ் போட்டியில் 17 வயதுப் போட்டியாளர் ஒருவர் தன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறினார், அரங்கமே சிரித்தது. அவர் பட்டத்தை வென்றார், பின்னர் அதைத் துறந்தார். பிலிப்பைன்ஸில் ஆங்கிலத் தடுமாற்றம் வர்க்கத்தின் அடையாளம்; நல்ல பள்ளிக்குப் போகாதவர் என்பதைக் காட்டிக்கொடுப்பது. அங்கே அறிவு என்ற பெயரில் அளக்கப்பட்டது பள்ளிக் கட்டணம். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன்.

2015இல் நியூயார்க் இதழுக்கு அளித்த நேர்காணலில், அந்த நிகழ்வுக்குப் பின் தான் கடும் மனச்சோர்வில் வீழ்ந்ததையும் தற்கொலை எண்ணம் வந்ததையும் அப்டன் சொன்னார். தன்னை நேரில் கண்டவர்களும் எள்ளியதையும் சொன்னார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டு இறுதியில், துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் அந்தப் பழைய காணொளியை எக்ஸ் தளத்தில் வெளியிட்டு, கமலா ஹாரிஸ் சிஎன்என்னுக்குத் தந்த பேட்டி இதுதான் என்று எழுதினார். அவருடைய இலக்கு அப்டன் அல்லர். அதுதான் இங்கே மிக மோசமானது. உயிருள்ள ஒரு பெண் வேறொருவரை அடிப்பதற்கு உவமையாக, யாரும் எடுத்துக் கையாளக்கூடிய சொலவடையாக ஆக்கப்பட்டார். 17 ஆண்டுகள் கழித்தும் இது பேசப்படுவது வருத்தத்துக்குரியது, எந்த அரசியல் நிலைப்பாட்டினராக இருந்தாலும் இணையத்தில் துன்புறுத்துவது நிற்க வேண்டும் என்று அப்டன் எழுதினார். பிறகு தன் கணக்கையே நீக்கிவிட்டார்.

சிஎன்என் இதைப் பற்றிக் கேட்டபோது, அப்டனுக்குத் தற்கொலை எண்ணம் வந்தது தனக்குத் தெரியாது, ஆனால் நகைச்சுவைக்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று வான்ஸ் சொன்னார். தெரியாது என்பதை நான் நம்புகிறேன். என் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. சிரிப்பதற்கு இதயம் சற்று மரத்துப்போக வேண்டும் என்று 1900இல் வெளிவந்த தன் நூலில் பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்ரி பெர்க்சோன் எழுதினார். இங்கே மரத்துப்போனது இதயம் மட்டுமன்று, தெரிந்துகொள்ளும் விருப்பமும்தான். அந்த நேர்காணல் ஒன்பது ஆண்டுகளாக எவரும் படிக்கக்கூடிய இடத்தில் இருந்தது. காணொளியைத் தேடி எடுக்கத் தெரிந்தவருக்கு, அதில் பேசும் பெண்ணுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று பார்க்க அதைவிடக் கூடுதலான உழைப்பு வேண்டியிருக்கவில்லை. ஒரு 18 வயதுப் பெண்ணின் அறியாமை என்று 2007இல் பெயரிடப்பட்ட ஒன்றைக் கொண்டு 2024இல் சிரிப்பு மூட்ட, நாட்டின் இரண்டாம் உயர்பதவியை நாடியவரிடம் இருந்தது இந்த அறியாமை. இதை எவரும் மேற்கோள் பட்டியலில் சேர்க்கவில்லை.