துத்தம் கலந்த பசை

மைதாவைக் கூழாகக் காய்ச்சி, அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவது நம் பைண்டிங் கடைகளில் நெடுநாள் வழக்கம். பூச்சி அரிக்காது என்பார்கள், அது பொய்யில்லை. ஆனால் துத்தத்திலுள்ள செம்பு, காகித நாரைச் சிதைக்கும் வேதிவினையை முடுக்கிவிடும். பூச்சிக்குத் தப்பிய தாள் பசை பட்ட இடத்தில் பழுத்து, மடித்தால் ஒடியும். எனவே பழைய புத்தகத்தை ஒட்டும்போது, ஒட்டு எவ்வளவு உறுதி என்பதைவிட, நாளைக்கு அதைச் சேதமில்லாமல் பிரிக்க முடியுமா என்பதே பார்க்கவேண்டியது என்பேன்.

ஓலைச்சுவடியைப் பேணிய முறை இந்தச் சோதனையில் தேறும். எண்ணெய் தடவினார்கள், எழுத்து மங்கினால் கரி பூசினார்கள், சட்டம் வைத்துக் கட்டித் துணியில் சுற்றினார்கள். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்த பொடியோடு கற்பூரம் சேர்த்து, சிறு முடிச்சாகக் கட்டிச் சுவடிகளிடையே வைத்தார்கள். மருந்து பக்கத்தில் இருந்ததே தவிர, ஓலையில் எதுவும் ஒட்டப்படவில்லை. சிதைந்த ஏட்டைத் தீயிலும் ஆற்றிலும் விட்டவர்களும் இவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் ஆகுதியான கதையை உ.வே.சாமிநாதையர் வேதனையோடு எழுதியிருக்கிறார். படியெடுத்துவிட்டால் மூலம் போகலாம் என்று அவர்கள் நம்பினார்கள். படியெடுக்காமலே விட்டதுதான் குற்றம். அச்சு வந்தபின் படியெடுக்கும் கையே நின்றுபோய், பாரம் முழுவதும் தாளின்மேல் விழுந்தது. அந்தத் தாளோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழும் படிகாரமும் சேர்ந்து, பிறக்கும்போதே அமிலத்தோடு பிறந்தது.

1930-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செல்லோடேப் கிழிசலுக்கு எளிய வழி காட்டியது. சில ஆண்டுகளில் மேல்படலம் உரிந்துவிழும். பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகத் தங்கும். வல்லுநர்களிடம் விட்டால் போதுமே என்றால், அவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகம், தாளின் இருபுறமும் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் வைத்து அசிட்டோன் தடவி ஒட்டும் முறையை உருவாக்கியது. மின்சாரமோ இயந்திரமோ வேண்டாத, கெட்டிக்காரத்தனமான முறை. ஆனால் அந்தப் படலமே நாளடைவில் சிதைந்து அமிலம் கக்கும் என்று பின்னர் தெரிந்தது. அறிந்தவர் கையே தவறுமென்றால், வீட்டில் செய்யும் ஒட்டு பிரியக்கூடியதாக இருப்பது இன்னும் அவசியம். துத்தம் சேராத நீர்த்த மாவுப் பசை, கத்தரிக்காமல் கையால் கிழித்த மெல்லிய ஜப்பானியத் தாள், மேலே மையொற்றும் தாளும் ஒரு கனமும் போதும். ஈரம் காட்டினால் ஒட்டு இளகிவிடும். அந்தத் தாள் கிடைக்காவிட்டால் ஒட்டவே வேண்டாம். கிழிந்த ஏட்டை உறையிலிட்டு, புத்தகத்தைப் பருத்தி நாடாவால் கட்டி வைக்கலாம். பிள்ளைகளின் பாடநூலுக்கு இத்தனை பாடு தேவையில்லை, டேப்பே போதும்.

மிச்சமிருக்கும் ஆட்சேபம் வலுவானது. ஏற்காட்டு மலையில் வாழவந்தி போன்ற ஊர்களில் மேகமே வாசலுக்கு வந்துவிடும். அங்கே மாவுப் பசை பூஞ்சைக்குத் தீனியாகாதா? ஆகும், பசை தடிமனாக இருந்தால். ஆனால் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பசையே இல்லாத அட்டையிலும் பூஞ்சை பூக்கும். அங்கே முதல் வேலை, அலமாரியை ஈரச்சுவரிலிருந்து நகர்த்துவதும், பாலிதீன் பையை அவிழ்ப்பதும், நனைந்ததை வெயிலில் போடாமல் நிழற்காற்றில் விரித்து வைப்பதும்தான்.