காது யாருக்குச் சொந்தம்?

குழந்தை வீறிட்டு அலறுகிறது. தாய்மாமன் அதனை மடியிலே அமர்த்திக் கைகளை இறுகப் பற்றியிருக்கிறார். பத்தர் ஊசியை ஏற்றுகிறார். ஒருத்தி அழும் வாயில் சர்க்கரையைத் திணிக்கிறாள். ஒருவர் மொய் நோட்டைப் புரட்டுகிறார். பந்தலிலே பந்தி நடக்கிறது. அலறும் அந்த ஒரு சிற்றுயிரைத் தவிர அங்கே அனைவருக்கும் திருவிழா! காதணி விழா என்று அழைப்பிதழும் அச்சிடுகிறார்கள். யார் யார் ஒப்புதலோடோ நடைபெறும் அவ்விழாவிலே, காதுக்குரியவரின் ஒப்புதலை மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் இக்காட்சி தமிழர் வீட்டோடு நிற்பதன்று. மூன்று மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. சேலம் மாவட்டத்தில் இருந்து, 1965இல் தருமபுரிக்கு மாறி, 2004இல் கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்கிய மண். பெங்களூரோ கூப்பிடு தொலைவு, நாற்பது கிலோமீட்டர். நாம் கம்மல் என்பதைத் தெலுங்கர் கம்மலு என்பர்; மூக்குத்தியைக் கன்னடர் மூகுதி என்பர். மொழி மூன்று, ஊசி ஒன்று!

அதே மண்ணிலே இன்று வேறொரு காட்சியும் உண்டு. 1970களில் அங்கே கால்கொண்ட தொழிற்பேட்டை, மொபெட்டும் சரக்குந்தும் கைக்கடிகாரமும் செய்து வளர்ந்து, இன்று கைப்பேசி உறுப்புகள் வரை வந்துவிட்டது. 1990களில் டைட்டன் நிறுவனம் தனிஷ்க் நகைகளைச் செய்யத் தொடங்கியதும் ஓசூரிலேதான். ஊர் விட்டு ஊர் வந்து, விடுதியில் தங்கி, முறைப்பணி பார்க்கும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களில் ஒருத்தி தன் உழைப்பின் ஊதியத்திலே சிறு மூக்குத்தி ஒன்று வாங்கி, தன் மூக்கைத் தானே குத்திக்கொள்ள முடிவு செய்கிறாள் என்று கொள்வோம். மாமனும் இல்லை, மொய்யும் இல்லை. வலிக்கும் என்று அறிந்தே நாற்காலியில் அமர்கிறாள். மாமன் மடியில் விழுந்ததும் துளைதான், இங்கே விழுவதும் துளைதான். ஆயினும் இவ்விரண்டையும் ஒரே தராசில் இட நமக்கு மனம் வருமா?

“காது குத்துவது நம் பண்பாடு, காலங்காலமாக வருவது, அதைக் கேள்வி கேட்பதா?” என்று பழமை விரும்பிகள் பதறுவர். பதற வேண்டாம். காலத்தையே கேட்போம்.

காது குத்தியது தமிழன் மட்டுமல்லன். 1991இல் ஆல்ப்சு மலைப் பனியிலே கிடைத்தது ஒரு மனித உடல். ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையுடையது. அவன் காதுச் சோணைகள் குத்தி விரிக்கப்பட்டிருந்தன. அவனுக்கு எந்தத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான்? எகிப்தின் இளவேந்தன் துத்தன்காமனின் பொன்முகத்திலும் காதிலே துளை உண்டு. நம் கீழடியிலே சுடுமண் காதணிகள் கிடைத்துள்ளன. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகட்கு முன்பே இரும்பு புழங்கியது என்ற காலக்கணிப்பைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. அழகு செய்துகொள்ளும் ஆசையும் அதற்கான கருவியும் மாந்தர்க்குப் பழையவை. நமக்கு மட்டும் உரியவை அல்ல.

சொல்லையே பாருங்கள். ஓலை என்பது காதணிக்குப் பெயர். கன்னடத்திலும் ஓலெ என்றே வழங்கும். பனையோலையைச் சுருட்டித் துளையிலே செருகியதன் நினைவு அது. ஆடிப்பெருக்கன்று ஆற்றிலே விடுகிறார்களே காதோலை கருகமணி, அந்தக் காதோலையும் இதுவே. ஏழையின் பனையோலைதான் முதலில் காதில் இருந்தது. பொன் பின்னர் வந்து, ஓலையின் பெயரையும் திருடிக்கொண்டது! இன்று பவுன் விலையைச் சொல்லிப் பெண் வீட்டாரைக் கசக்கிப் பிழிவோர், தம் பாட்டியின் பாட்டி பனையோலை அணிந்தவள் என்பதை அறிவார்களா?

வடமொழியார் காது குத்துவதைக் கர்ணவேதம் என்று பெயரிட்டுப் பதினாறு சடங்குகளுள் ஒன்றாக்கினர். ஆனால் அவர்களுடைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை அதனைச் சடங்கோடு விடவில்லை. காப்புக்காகவும் அணிக்காகவும் குத்துவது என்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் திங்களில், குழந்தையை மடியில் இருத்தி விளையாட்டுப் பொருள் காட்டி, கதிரொளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்திலே நேராகக் குத்துக என்கிறது. இடம் தவறினால் குருதி பெருகும், வீங்கும், காய்ச்சல் காணும் என்றும் எச்சரிக்கிறது. அந்த இடத்திற்குத் தெய்வம் செய்த துளை என்று பெயர் சூட்டியிருக்கிறார் ஆசிரியர். போகட்டும்! தெய்வத்தைக் கேட்டு அவர் குத்தச் சொல்லவில்லை; வெயிலில் பிடித்துப் பார்த்துக் குத்தச் சொல்கிறார். நாள் கோள் பார்ப்பதும் அதே பகுதியில் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. அறிவும் மூடநம்பிக்கையும் ஒரே ஓலையில் எழுதப்பட்டிருந்தன. நம்மவர் நாளைப் பிடித்துக்கொண்டு, வெயிலை விட்டுவிட்டனர்.

அறுந்த காதை ஒட்டும் பதினைந்து முறைகளையும் அப்பகுதியே கூறுகிறது. பதினைந்து முறை வேண்டியிருந்தது என்றால் எத்தனை காதுகள் அறுந்திருக்க வேண்டும்! நம் தென்மாவட்டங்களிலே பாம்படமும் தண்டட்டியும் தொங்கத் தொங்கத் தோள்வரை நீண்ட காதுகளைப் பற்றி எட்கர் தர்சுடன் 1906இல் வெளியிட்ட நூலிலே எழுதியிருக்கிறார். நீண்ட காது குடிப்பெருமையாக இருந்தது. அடுத்த இரு தலைமுறைக்குள் அதே காது நாணத்திற்குரியதாகி, மருத்துவமனையிலே வெட்டித் தைத்துக்கொள்ளும் நிலை வந்தது. நீட்டியதும் ஊருக்காக, தைத்ததும் ஊருக்காக!

ஆடவன் செய்தி வேறு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலே ஆண் உருவங்களும் குழை அணிந்திருக்கும். நம் தாத்தாக்கள் கடுக்கன் அணிந்தனர். கிராப்பு வந்தது, சட்டை வந்தது. கடுக்கனைக் கழற்றிவிட்டு நடந்தான் ஆண். “மூளிக் காதன்” என்று அவனை எவரும் ஏசவில்லை. பெண் கழற்றினால்? மூளி! அந்தச் சொல்லிலே எத்தனை நஞ்சு! கணவன் உள்ளவரை காதும் மூக்கும் மின்ன வேண்டும். அவன் கண் மூடியதும் அவற்றைக் கழற்றிப் பறிக்க வேண்டும். அணிவித்தபோதும் அவளைக் கேட்கவில்லை, பறித்தபோதும் கேட்கவில்லை.

மூக்குத்திக்கு வருவோம். தமிழ்ப்பெண்ணின் தொன்மைச் சின்னம் என்று மேடையிலே முழங்குகிறார்களே, உண்மை என்ன? சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே மாதவி அணிந்த அணிகலன்களை அடி முதல் முடிவரை அடுக்குகிறார் இளங்கோ. காதணி உண்டு, மூக்கணி இல்லை. பழஞ்சிற்பங்களிலும் இல்லை. பி. கே. கோடே 1938இல் இதனை ஆராய்ந்து, ஏறத்தாழ கி.பி. 1000க்கு முன் இந்நாட்டில் மூக்கணிக்குத் தெளிவான சான்று இல்லை என்று காட்டினார். அல்தேகரும் அதே ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே அக்கருத்தையே கொண்டார். கண்ணகிக்கும் மாதவிக்கும் இல்லாத மூக்குத்தி, உன் மகளுக்கு இல்லையென்றால் மட்டும் பண்பாடு கெட்டுவிடுமா?

இந்த எல்லை மண்ணுக்கு மூக்கைப் பற்றிக் கொடிய நினைவு ஒன்றும் உண்டு. 1791இல் ஓசூர்க் கோட்டையை ஆங்கிலப் படை கைப்பற்றிய அதே மைசூர்ப் போரிலே, ஆங்கிலேயரின் வண்டிமாடு ஓட்டிய காவசுசி என்பவன் திப்புவின் படையிடம் சிக்கினான். அவன் மூக்கையும் ஒரு கையையும் அறுத்தனர். பின்னர்ப் பூனாப் பக்கத்திலே நெற்றித் தோலால் அவனுக்குப் புதிய மூக்குச் செய்த செய்தி 1794இல் இலண்டன் ஏடொன்றில் படத்துடன் வெளிவந்து, மேலை மருத்துவ உலகை வியக்க வைத்தது. எளியவனின் மூக்கை அறுக்கவும் பிறர். எளியவளின் மூக்கைக் குத்தவும் பிறர்.

அப்படியாயின் மூக்குத்தியே வேண்டாம் என்கிறாயா என்று தோழியர் சினக்கலாம். இல்லை. இங்கேதான் கடல் கடந்த தமிழர் வழக்கு ஒன்று நமக்கு வழி காட்டுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலே, தென்னிந்தியத் தமிழ் மரபில் வந்த பள்ளி மாணவி ஒருத்தி 2004 செப்டம்பர் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டாள். பள்ளி விதி மூக்கணியைத் தடுத்தது. புண் ஆறும்வரை இருக்கட்டும், பின் கழற்றிவிடு என்றது பள்ளி. தாயார் வழக்குத் தொடுத்தார். முதல் மன்றம் பள்ளியின் பக்கம்; மேல்மன்றம் மாணவியின் பக்கம். 2007 அக்டோபர் 5ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், தலைமை நீதிபதி பயசு இலங்காவின் தீர்ப்பால், மாணவிக்கு விலக்கு அளிக்காதது முறைகேடான பாகுபாடு என்றது. அப்போது அவள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள்!

வெற்றியைவிட அதன் காரணமே நமக்கு வேண்டியது. மூக்குத்தி அவள் சமயத்திலோ பண்பாட்டிலோ கட்டாயமா என்று ஆராய்ந்தது மன்றம். கட்டாயமன்று என்று கண்டது. நம் ஊர்ப் பண்டிதராயின் அத்தோடு ஏட்டை மூடியிருப்பார்: கட்டாயமில்லையேல் உரிமையுமில்லை! அந்த மன்றமோ, கட்டாயத்தால் செய்வது போலவே விருப்பத்தால் செய்வதும் மதிப்புக்கும் காப்புக்கும் உரியது என்றது. மாமன் மடியிலே அலறிய குழந்தைக்கும் விடுதியிலே முடிவெடுத்த பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தச் சாத்திரம் சொல்லிற்று?

குழந்தைக்குக் குத்தவே கூடாதா எனின், அறிவியல் நமக்கு வசதியாக மட்டும் பேசுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குத்திய இடத்திலே கட்டி போல் வளரும் தழும்பு உண்டு, கீலாய்டு என்பர். கருநிறத்தார்க்கு அது மிகுதி. பதினொரு வயதுக்குப் பின் குத்தியவர்களிடம் அது மிகுதியாகக் கண்டது என 2005இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. எனவே “பதினெட்டு ஆகட்டும்” என்பதும் எல்லோர்க்கும் பொருந்தாது. என் கருத்து இது: எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியும், அப்போது கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குடும்பத்திலே அத்தழும்பு உள்ளவர் இருப்பின், மருத்துவரைக் கேளாமல் ஊசியைத் தொடாதீர்கள்.

முடிவு செய்தபின் பேணுதல் அறிவின் வேலை. ஒருவருக்கு ஒரே முறை பயன்படுத்தி எறியும் ஊசி, கண்முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும். ஒருவர் குருதி பட்ட ஊசி மற்றொருவர்க்கு மஞ்சட்காமாலை நச்சுயிரையும் எச்.ஐ.வி.யையும் கொண்டுசெல்லும். விசையால் தோட்டை அறையும் துப்பாக்கி போன்ற கருவியை மூக்குக்கும் மேற்காதுக்கும் விடவே கூடாது. மழுங்கிய முனை குருத்தெலும்பை நசுக்கும். கருவியையோ முழுதும் நுண்ணுயிர் நீக்கித் தூய்மை செய்ய இயலாது. இசிவு நோய்த் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்றும் பார்த்துக்கொள்க.

மலிவுத் தோட்டிலே நிக்கல் கலந்திருக்கும். அரிப்பும் கொப்புளமும் பலர்க்கு அதனாலேயே வருகின்றன. முதல் அணிக்குத் தைட்டேனியம் நன்று. நிக்கல் கலவாத தங்கமும் ஆகும். கை கழுவாமல் தொடாதே. கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. அதனால் நாளைக்கு இருமுறை கழுவினால் போதும். மஞ்சள், சாம்பல், எண்ணெய், வேப்பங்குச்சி எல்லாம் அன்போடு கொடுக்கப்படுபவை. அன்பு நுண்ணுயிரைக் கொல்லாது. தோட்டைத் திருகிக்கொண்டே இருப்பதும் புண்ணைப் புதுப்பிப்பதே. சோணை ஆற ஆறு முதல் எட்டு வாரம். மூக்கு நான்கு முதல் ஆறு திங்கள். மேற்காது ஓராண்டு வரை இழுக்கும்.

ஆலைத் தோழியர்க்குத் தனியே ஒன்று. உலோகம் அணிந்து நுழையக் கூடாது என்னும் விதி சில பிரிவுகளில் உண்டு. புது மூக்குத்துளையிலிருந்து அணியை ஒரு முறைப்பணி நேரம் கழற்றினாலே மூடத் தொடங்கிவிடும். ஆகையால் குத்துமுன் மேற்பார்வையாளரைக் கேட்டறிக. கண்ணாடியாலான சிறு செருகு ஆகுமா என்றும் கேட்க. சுழலும் பொறியருகே தொங்கட்டான் கூடவே கூடாது. தலைக்கவசமும் முகக்கவசமும் புதுப் புண்ணை உரசும். இரவிலே அப்பக்கம் படுத்தாலும் உரசும்.

முதல் சில நாள் சிவப்பும் சிறு வீக்கமும் இயல்பு. சிவப்பு பரவினாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் கண்டாலும், மேற்காது சுட்டு வலித்தாலும் பத்தரிடம் ஓடாதே. அன்றே ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ கிருட்டிணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல். குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதின் வடிவமே குலைந்துபோகும். அந்த நிலையில் அச்சத்தால் தோட்டை நீயே பிடுங்காதே. மேலே தோல் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் சிறைப்படும். கழற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். ஆறியபின் உனக்கே வேண்டாமென்று தோன்றினால், எந்த நாளும் கழற்றலாம். மூக்குத்துளை பெரும்பாலும் சுருங்கி, சிறு புள்ளியாய் நிற்கும்.