மடியில் இருந்த மடக்குக்கத்தி

பேனாக்கத்தி என்று சொல்கிறோமே, பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? பேனா என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து நம் மொழிக்கு வந்தது. அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வாத்தின் இறகைச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதினார்கள். இறகு நுனி சில பக்கங்களிலேயே மழுங்கிவிடும்; மறுபடியும் சீவ வேண்டும். ஆகவே எழுதுகிறவனிடம் எந்நேரமும் ஒரு சிறு கத்தி இருந்தாக வேண்டும். அலகு நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைப்பையும் கிழியும், கையும் கிழியும். மடக்கி வைத்தால் தொல்லை இல்லை.

மடக்குக்கத்தி என்ற கருத்து இறகுப் பேனாவைவிட மிகப் பழமையானது. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ரோமானியரும் இவ்வகைக் கத்திகளை வைத்திருந்தனர். எனினும் மடக்குக்கத்திக்கு எழுத்து வேலையைக் கொடுத்தது இறகுதான்.

1739 ஆம் ஆண்டில் காரைக்கால் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்தபோது, கும்பினிக் குமாஸ்தாக்களுடன் இறகுப் பேனாவும் வந்தது. அதைச் சீவும் கத்தியும் வந்தது. அக்கத்திக்குப் பிரெஞ்சு மொழியில் 'கனிஃப்' என்று பெயர். ஆங்கிலத்தின் 'நைஃப்' என்ற சொல்லுக்கு அது உறவு. ஆனால் மடக்கி வைக்கும் கத்தியைக் கண்டு இங்குள்ளவர்கள் வியந்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எழுதத் தெரிந்தவர்களிடமும் அப்படியொரு கருவி உண்டு. அதன் பெயர் மடக்கெழுத்தாணி.

எழுத்தாணி என்றதும் கூரிய இரும்புக் கம்பி ஒன்றுதான் பலருக்கு நினைவில் வரும். உண்மையில் அதில் வகைகள் உண்டு. குண்டெழுத்தாணியின் தலையில் கனமான குண்டு இருக்கும். வாரெழுத்தாணியின் மேற்பாகம் கத்தி, கீழ்ப்பாகம் எழுதும் முனை. அதை உறையில் செருகி வைப்பார்கள். ஓலையைச் சீவி ஒழுங்குபடுத்துவதற்கு 'வாருதல்' என்று பெயர். அதனால் வந்த பெயர் அது. மடக்கெழுத்தாணியை மரம், மாட்டுக்கொம்பு, தந்தம் ஆகியவற்றில் ஒன்றால் செய்த பிடிக்குள் மடக்கி அடக்கிவிடலாம். சிலவற்றில் கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடிக்குள் மடங்கும். 1855 இல் பிறந்து இதே காவிரிப் படுகையில் ஓலையில் எழுதிப் பழகிய உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் இவ்வகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கத்தி எதற்காக? ஓலை மரத்திலிருந்து ஏடாக இறங்குவதில்லை. காரைக்கால் கரையோரத்தில் ஏராளமாக வளரும் பனையின் ஓலையை எடுத்து, முதலில் ஈர்க்கை நீக்க வேண்டும். பிறகு ஒரே அளவாக நறுக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்க்க வேண்டும். ஓரங்களை வார வேண்டும். கயிறு கோக்கத் துளையிட வேண்டும். எழுதும் வேலை இவையெல்லாம் முடிந்த பிறகே தொடங்கும். முனை ஓலையின் மேல்தோலைக் கீறும், ஆனால் கிழிக்கக் கூடாது. கீறலில் விளக்குக் கரியும் இலைச்சாறும் கலந்த மசியைத் தடவித் துடைத்தால், பள்ளத்தில் தங்கிய கறுப்பு எழுத்தாகத் தெரியும். ஆக, இறகுப் பேனாக்காரனுக்குக் கத்தி எழுதுகோலைச் சீவ. ஓலைக்காரனுக்கோ எழுதப்படும் பொருளைச் சீவ. இரண்டு கத்திகளும் ஒரே ஊரில் சந்தித்தன.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். பிரான்சில் மடக்குக்கத்தி குமாஸ்தாவோடு நிற்கவில்லை. உழவனும் இடையனும் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் நறுக்க அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். 1829 வாக்கில் தோன்றிய லாகியோல் கத்தியும், 1890 இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்த கத்தியும் அவ்வகை. ஒப்பினெல் 1897 இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவுகளை வகுத்தார். விரித்த அலகு தானாக மடங்காமல் தடுக்கும் வளையம் 1955 இல் சேர்ந்தது. நம் உழவனுக்குச் சாப்பிடக் கத்தி வேண்டாம், கை போதும். வயலுக்கு அரிவாள், மரமேறுகிறவருக்குப் பாளை அரிவாள், இரண்டும் மடங்காதவை. வெற்றிலை போடுகிறவருக்குப் பாக்குவெட்டி. மடங்கும் கத்தி, நம்மிடையே, பெரும்பாலும் படித்தவரின் மடியில் இருந்த பொருள்.

பர்மிங்ஹாம் ஆலைகள் 1820களிலும் 30களிலும் எஃகு நிப்புகளைக் குவிக்கத் தொடங்கியதும் இறகின் காலம் முடிந்தது. பேனாக்கத்தி பிழைத்துக்கொண்டது. பென்சில் சீவவும், பழம் நறுக்கவும், தபால் உறையைப் பிரிக்கவும் அது பயன்பட்டது. ஓலையின் இடத்தைக் காகிதமும் அச்சும் பிடித்தபோது மடக்கெழுத்தாணிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஏடுகளுக்காவது புரவலர்கள் இருந்தனர். தஞ்சை சரசுவதி மகால், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1955 இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்றவை அவற்றைத் திரட்டிக் காத்து வருகின்றன. அந்த ஏடுகளை வாரிய கத்தியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? சில அருங்காட்சியகங்களில் இடம் பெற்றவை போக, எத்தனையோ பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போயிருக்கும். பரணில் ஏட்டைக் கண்டால் கும்பிடுகிறோம். அதனருகே துருப்பிடித்துக் கிடப்பதைத் தூக்கிப் போடுகிறோம். இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கடற்கரை ஊரில் இந்த இழப்பு விரைவாக நடக்கும். பழைய அலகுகள் கரி கலந்த எஃகு. நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கரி இருந்தால் போதும், செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கும்போது எஃகு மிகக் கடினமாகும். பிறகு மிதமாகச் சூடேற்றினால் நொறுங்கும் தன்மை குறையும். ஆனால் துருவை எதிர்க்கும் குரோமியம் அதில் இல்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருவேறா எஃகை உருவாக்கியது 1913 இல்தான். உப்புக் காற்று ஈரத்தை ஈர்த்து அலகின் மேல் படியவைக்கிறது; உப்புக் கரைந்த நீரில் மின்வேதி மாற்றம் விரைந்து துரு வளர்கிறது. மடக்கிய கத்தியில், கண்ணுக்குத் தெரியாத ஆணி மூட்டில்தான் ஈரம் முதலில் தங்கும்.

காரைக்காலுக்கு இன்னொரு தனிக் கவலையும் உண்டு. 1954 நவம்பர் 1 இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 இல் இணைப்புச் சட்டப்படி நிறைவேறிய பின்பு, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிசிலிருந்து வந்து, கொள்ளுத்தாத்தாவின் எழுத்தாணியை நினைவுப் பொருளாகப் பெட்டியில் வைத்துக்கொள்ள விரும்பலாம். விருப்பம் நியாயமானதே. ஆனால் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத வரலாற்றுச் சிறப்புடைய பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லக் கூடாது.

வீட்டில் அப்படியொன்று கிடைத்தால், உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பிடியிலுள்ள கீறலோ எழுத்தோ அதோடு போய்விடும். வலிந்து விரிக்கவும் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஏட்டுக்கட்டோடு கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். மூட்டின் இடுக்கில் ஒட்டியிருக்கும் கறுப்பை ஊசியால் சுரண்டாதீர்கள். அது வெறும் அழுக்கா, ஏட்டுக்குத் தடவிய மசியா என்பதைச் சோதனைக்கூடம் சொல்லட்டும்.